கடத்தூரிலிருந்து மூன்று கோட்டைப் பயணங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை கடத்தூர் பஸ் நிலையத்தில் தோளில் பையோடு சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர்கள் நின்றால், அவர்கள் ஒகேனக்கல்லுக்கோ ஏற்காட்டுக்கோதான் போவார்கள் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் தென்கரைக்கோட்டை, அதியமான்கோட்டை, இராயக்கோட்டை என்று பெயரிலேயே கோட்டையை வைத்திருக்கும் மூன்று ஊர்கள் இருக்கின்றன. ஒன்று ஆற்றங்கரைச் சமவெளியில் நிற்கிறது. இன்னொன்று மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டது. மூன்றாவது மலைமேல். இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்து முடித்தவருக்குத் தமிழ்நாட்டின் எந்தக் கோட்டைக்குள் நுழைந்தாலும் திகைப்பு வராது.

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகில் உள்ள மௌடர்ஸ்லோட் கோட்டைக்கோ, பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1180-ல் எழுந்த கிராவன்ஸ்டீன் கோட்டைக்கோ போகிறவருக்கு நுழைவுச்சீட்டு, வரைபடம், அறைக்கு அறை விளக்கப் பலகை எல்லாம் கிடைக்கும். இங்கே அப்படி எதிர்பார்த்துப் போனால், "நாலு கல்லுதானே கிடக்குது" என்று பத்தே நிமிடத்தில் திரும்ப நேரும். பலகை செய்ய வேண்டிய வேலையை இங்கே பயணிதான் செய்துகொள்ள வேண்டும். எந்த வரிசையில் நடப்பது, எதை உற்றுப் பார்ப்பது, எங்கே கால் வைக்கக்கூடாது என்பதைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

தெரிந்திருக்க வேண்டிய வரலாறு இவ்வளவுதான்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். சங்க காலத்தில் அதியமான்கள் ஆண்ட ஊர். பிற்காலத்தில் இந்த வட்டாரமும் கிருஷ்ணகிரி வட்டாரமும் சேர்ந்து பாராமகால் என்று பெயர் பெற்றன. பன்னிரண்டு கோட்டைகள் இருந்ததால் வந்த பெயர் என்பது வழக்கு. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கீழே இறங்கும் கணவாய்களுக்கு இது வாசல் என்பதால் ஹைதர் அலி, திப்பு சுல்தான், கிழக்கிந்தியக் கம்பெனி மூன்று தரப்பும் இந்தக் கோட்டைகளுக்காக மோதிக்கொண்டன. 1768-ல் கர்னல் உட் தலைமையில் வந்த கம்பெனிப் படை தென்கரைக்கோட்டையையும் தருமபுரியையும் பிடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் எதிர்த்தாக்குதலில் இறங்கி, இழந்த இடங்களை மீட்கத் தொடங்கினார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அதன் பிறகு கோட்டைகளுக்குப் போர் வேலை குறைந்தது, பழுது பார்ப்பாரும் குறைந்தார்கள்.

கிளம்புவதற்கு முன்

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மார்ச்சுக்குப் பிறகு பாறைச் சூடு செருப்பைத் தாண்டி ஏறும். அக்டோபர், நவம்பரில் மழை பிடித்தால் பாறை வழுக்கும், புதர் இடுப்பளவு வளர்ந்திருக்கும்.

2. கிழமையைப் பாருங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை. அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று கூட்டம் நெரியும். சாமி கும்பிடப் போகிறவருக்கு அது நல்ல நாள். மதிலின் தடத்தைத் தேடுகிறவர் வேறு நாளில் போவதே வசதி.

3. மூன்று பேராவது சேர்ந்து போங்கள். ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணையிருக்கலாம், ஒருவர் உதவிக்கு ஓடலாம்.

4. உடை. முழுக்கால் பேன்ட், முழுக்கை சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, தொப்பி. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும்.

5. பை. சமவெளிக் கோட்டைக்கு ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மலைக்கோட்டைக்கு 3 லிட்டர். கொஞ்சம் வேர்க்கடலை, வெல்லம், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். டார்ச், விசில், முதலுதவிப் பொருள்கள், ஒரு கைத்தடி, நோட்டு, பென்சில்.

6. தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். எந்தக் கோட்டை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மலைமேல் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது.

> குறிப்பு: வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஜோலார்பேட்டை–சேலம் பாதையில் உள்ள பொம்மிடி, மொரப்பூர் நிலையங்கள் வசதி. கிராமத்துப் பஸ் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். போகும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பயணம் ஒன்று: தென்கரைக்கோட்டை (அரை நாள்)

கடத்தூருக்கும் அரூருக்கும் இடைப்பட்ட பகுதியில் இருப்பது தென்கரைக்கோட்டை. ஆற்றின் தென்கரையில் இருப்பதால் அந்தப் பெயர். நாயக்கர் காலத்துக் குறுநிலத் தலைவர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் கோட்டை இது. உள்ளே கல்யாண ராமர் கோயில் இருக்கிறது. மலையேற வேண்டியதில்லை என்பதால் முதல் பயணத்துக்குப் பொருத்தமானது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிப் போகலாம்.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கோயிலுக்குப் போய், தூண் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, மதில் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கோட்டையை அதன் எதிரி பார்த்த வரிசையில், வெளியிலிருந்து உள்ளே பார்த்தால்தான் கட்டியவனின் யோசனை புரியும்.

1. ஊர்க்காரரிடம் பேசுங்கள். மதிலருகே ஆடு மேய்ப்பவரோ, திண்ணையில் இருக்கும் பெரியவரோ கண்ணில் பட்டால் முதலில் வணக்கம் சொல்லுங்கள். "பெரியவரே, கோட்டையைச் சுத்திப் பாக்கலாம்னு வந்தோமுங்க. தூர்ந்த கெணறு எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டால் போதும். "அந்தப் பக்கம் போவாத சாமி, தேனடை தொங்குது" என்ற ஒரு வார்த்தை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

2. மதிலை வெளியிலிருந்து பாருங்கள். போக முடிந்த அளவு சுற்றுங்கள். நீளப் பள்ளமாக நிலம் தாழ்ந்திருக்கும் இடங்களில் அகழி இருந்திருக்கலாம். தூர்ந்த அகழியில் மற்ற இடங்களைவிடப் புல்லும் கோரையும் பச்சையாக இருக்கும். தண்ணீர் நிறைந்த அகழி எப்படி இருக்கும் என்று பார்க்க வேலூர்க் கோட்டைக்கு ஒருமுறை போய் வரலாம். மௌடர்ஸ்லோட்டிலும் இதே ஏற்பாடுதான். தட்டையான நிலத்தில் கோட்டைக்கு முதல் காவல் தண்ணீர்.

3. கொத்தளங்களை எண்ணுங்கள். மதிலிலிருந்து வெளியே புடைத்து நிற்கும் பகுதி கொத்தளம். வட்டமான கொத்தளங்கள் பெரும்பாலும் பீரங்கிப் போர் வந்த பிறகு எழுந்தவை அல்லது திருத்தப்பட்டவை. ஒரு கொத்தளத்தின்மேல் நிற்பவனுக்கு அடுத்த கொத்தளம் வரையுள்ள மதிலடி முழுவதும் கண்ணில் படும்படி இடைவெளி விட்டிருப்பார்கள்.

4. கட்டுமானத்தில் மாற்றம் தேடுங்கள். அடியில் காரையே இல்லாமல் பொருத்திய பெரிய கற்களும், மேலே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இருந்தால், இரண்டு காலத்து வேலை ஒரே மதிலில் இருக்கக்கூடும். மேல்சுவரில் வெளிப்பக்கம் சரிந்திறங்கும் சிறு துளைகள் துப்பாக்கிக்கானவை.

5. வாசலில் கால் மணி நேரம் செலவிடுங்கள். பாதை வாசலுக்கு நேராக வருகிறதா, வளைந்து வருகிறதா? வளைந்து வந்தால் யானையாலோ, மரம் சுமந்து ஓடிவரும் ஆட்களாலோ வேகம் பிடித்துக் கதவை மோத முடியாது. வாசற்கல்லில் கதவுக் குடுமி சுழன்ற குழியைத் தேடுங்கள். பல தலைமுறை கதவு சுழன்றதில் அதன் உட்புறம் விரல் வழுக்கும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். இரு பக்கச் சுவரிலும் எதிரெதிரே சதுர ஓட்டை இருந்தால் அது கணைய மரம் செருகிய இடம்.

6. கடைசியாக உள்ளே போங்கள். கோயில், நீர்நிலை, இடிந்த கட்டடங்கள் என்ற வரிசையில் பாருங்கள். "இத்தனை பேர் எங்கே தண்ணீர் எடுத்தார்கள்? நெல்லை எங்கே வைத்தார்கள்?" என்ற இரண்டு கேள்விகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே தேடி ஓடுவார்கள். காற்றுத் துளை குறைவாகவும் கூரை வளைவாகவும் சுவர் தடிமனாகவும் இருந்தால் களஞ்சியமோ மருந்துக் கிடங்கோ என்று யோசிக்கலாம். செஞ்சிக் கோட்டையின் களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வளைவு உடனே நினைவுக்கு வரும்.

> குறிப்பு: காலை 7 மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். சாய்ந்த வெயிலில் உளிக்குறி, தேய்ந்த எழுத்து எல்லாம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே கல் வெறும் வெள்ளைப் பரப்பாகிவிடும்.

பயணம் இரண்டு: தருமபுரியும் அதியமான்கோட்டையும் (ஒரு நாள்)

இது கண்ணுக்குப் பயிற்சி தரும் பயணம். கோட்டை இங்கே ஏறக்குறைய அழிந்துவிட்டது. எஞ்சியவற்றிலிருந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1. முதலில் தருமபுரி அகழ்வைப்பகம். இந்த மாவட்டம் நடுகற்களுக்குப் பேர்பெற்றது. அவற்றில் பல இங்கே பாதுகாக்கப்படுகின்றன. ஒரு கல்லின் முன் நின்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். வட்டெழுத்தில் பொறித்த வரிகள், அவற்றுக்குக் கீழே வில்லோ குறுவாளோ ஏந்திப் பாயும் வீரன், சில கற்களில் அவன் காலடியில் கெண்டியும் சிமிழும். எழுத்தில் "தொறு" என்ற சொல் வந்தால் அது மாட்டு மந்தையைக் குறிக்கும். மந்தையைக் கவர்ந்துபோன பூசலில் மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊர் நட்ட கல் அது. கோட்டைகளுக்கு முன்பே இந்த மண்ணில் காவலும் சண்டையும் எதைச் சுற்றி நடந்தன என்பதை இந்தக் கற்கள் சொல்கின்றன.

2. அடுத்து, கோட்டைக் கோயில். தருமபுரியில் கோட்டை என்று ஊரார் சொல்லும் பகுதியில் மல்லிகார்ச்சுனர், காமாட்சியம்மன் சன்னிதிகள் உள்ளன. நுளம்பர் காலத்துக் கலைக்காகப் பேசப்படும் இடம் இது. அம்மன் சன்னிதியின் அடித்தளத்தில் ராமாயணக் காட்சிகள் சிறிய அளவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. குனிந்து, ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும். தரையைத் தொடாமல் தொங்கும் தூணின் அடியில் துணியை நுழைத்துப் பார்ப்பது வருகிறவர்களின் வழக்கம். தூணைத் தள்ளியோ அசைத்தோ பார்க்க வேண்டாம்.

3. பிற்பகல், அதியமான்கோட்டை. சேலம் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் தூரம். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு சேர்ந்த ஊர். அந்த அரசன் இலக்கியத்தில் மட்டும் வாழ்ந்தவனல்ல என்பதற்குத் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-ல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு சான்று. இங்கிருந்தது மண்கோட்டை. கல் மதிலை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். வயலுக்கும் வீட்டுக்கும் இடையே காரணமில்லாமல் மேடாக ஓடும் மண் வரப்பு, அது வளையும் திசை, அதன் வெளிப்புறப் பள்ளம் ஆகியவற்றைத் தேட வேண்டும். செல்போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தரையில் கண்ட வளைவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. சென்றாயப் பெருமாள் கோயிலில் முடியுங்கள். மண்டபத்து விதானத்தில் ராமாயண, மகாபாரதக் காட்சிகள் ஓவியமாக உள்ளன. டார்ச்சை நேராக ஓவியத்தில் அடிக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுத்தால் நிறங்கள் தானாகத் தெரியத் தொடங்கும். படம் எடுக்கலாமா என்று அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எடுப்பதானாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

> குறிப்பு: வழியில் மரத்தடியில் மஞ்சள் பூசி, பூ வைத்த பலகைக் கல் தென்பட்டால் உற்றுப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் நடுகற்கள் பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அது ஊரின் தெய்வம். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். எழுத்தைப் படிக்க வேண்டும் என்று மஞ்சளைச் சுரண்டுவதோ தண்ணீர் ஊற்றிக் கழுவுவதோ கூடாது.

பயணம் மூன்று: இராயக்கோட்டை மலை (ஒரு முழு நாள்)

முதல் இரண்டையும் முடித்தவர்களுக்கு மட்டும் இந்தப் பயணம். தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூர் செல்லும் ரயில் பாதையில் இராயக்கோட்டை நிலையம் இருக்கிறது. பஸ்ஸும் உண்டு. 1791 ஜூலையில் மேஜர் கௌடி தலைமையிலான கம்பெனிப் படை பிடித்த கோட்டை இது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

1. அடிவாரத்தில் காலை 6.30-க்குள் இருங்கள். 11 மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மேலே எவ்வளவு தூரம் போயிருந்தாலும் இந்த நேரத்தை மாற்றாதீர்கள்.
2. பழைய படிப்பாதையை விட்டு விலகாதீர்கள். குறுக்கு வழி போலத் தெரிவது பெரும்பாலும் ஆடு போகும் தடம். அது செங்குத்துப் பாறையில் போய் முடியலாம்.
3. ஏறும்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று மூச்சு வாங்குங்கள். கீழே வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். வாசலை அங்கே ஏன் வைத்தார்கள் என்பது அப்போது விளங்கும்: மேலே நிற்பவருக்குப் பாதையின் ஒவ்வொரு திருப்பமும் கண்ணில் படுகிறது.
4. பாறைகளில் ஒரே கோட்டில் வரிசையாகச் சிறு குழிகள் தெரிந்தால் அவை கல் பிளக்க உளியடித்த இடங்கள். மதிலுக்கான கல்லை மலையிலேயே எடுத்திருக்கிறார்கள்.
5. சுனைகளைப் பாருங்கள். மழை நீர் எங்கிருந்து வழிந்து எங்கே சேர்கிறது என்று தேடுங்கள். முற்றுகையில் மலைக்கோட்டை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதைத் தீர்மானித்தது பீரங்கியின் எண்ணிக்கையைவிட இந்தத் தண்ணீர்தான்.
6. இறங்கும்போது பேச்சைக் குறையுங்கள். கால் பிசகுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். முழங்காலை லேசாக மடக்கி, சிறு அடி வைத்து இறங்குங்கள்.

இராயக்கோட்டை கைவந்துவிட்டால் அடுத்தது கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கீழே இருந்த பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. ஏறிப் பார்த்தால் காரணம் கால்களுக்கே புரியும். அதற்குப் பிறகு, தீரன் சின்னமலை 1805-ல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டைக்குப் போகலாம்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

- ஒரே நாளில் மூன்றையும் பார்க்க நினைப்பது. பாதி நாள் பஸ்ஸிலேயே கழியும். ஒரு கோட்டைக்கு மூன்று மணி நேரமாவது கொடுங்கள்.
- மதில்மேல் நடப்பது. காரை உதிர்ந்த மதிலில் மேற்கல் சும்மா உட்கார்ந்திருக்கும். கால் வைத்தவரோடு அதுவும் இறங்கும். மதிலுக்கும் சேதம், ஆளுக்கும் சேதம்.
- கேட்டதையெல்லாம் வரலாறாக எழுதிக்கொள்வது. எந்தக் கோட்டையிலும் சுரங்கப்பாதைக் கதை ஒன்று சொல்வார்கள். ஆசையோடு கேளுங்கள். நோட்டில் "ஊரார் சொன்னது" என்று தலைப்பிட்டுத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.
- வயலை மிதிப்பது. கோட்டைப் பகுதிகளில் பயிர் செய்கிற நிலங்கள் உண்டு. வரப்பில் நடங்கள், கேட்டுவிட்டு நுழையுங்கள்.

ஆபத்தும் முதலுதவியும்

கிணறும் சுனையும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு புதருக்குள் மறைந்திருக்கும். முன்னால் போகிறவர் கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். சுனையில் இறங்கிக் குளிக்க வேண்டாம். பாசி பிடித்த பாறையில் இறங்குவது எளிது, ஏறுவது கடினம்.

பாம்பு. கல் இடுக்கில் கையை விடாதீர்கள். கல்லைப் புரட்டாதீர்கள். கடித்துவிட்டால், கடிபட்டவரை உட்கார வைத்து, அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, நாட்டு மருந்து தேடி அலைவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. அரசு மருத்துவமனைக்கு நேராகப் போய்ச் சேருவதே சிகிச்சையின் முதல் படி.

தேனீ. மதில் வளைவுகளிலும் பாறைச் சரிவிலும் பெருந்தேனீ அடை கட்டும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அருகே புகை போடாதீர்கள், கல் எறியாதீர்கள். கூட்டமாகக் கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கையை வீசாமல், தரை சமமாக இருக்கும் பக்கமாக விலகி ஓடுங்கள்.

வெயிலும் இடியும். தலை கிறுகிறுத்து வியர்வை நின்றுபோனால் நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, 108-ஐ அழையுங்கள். இடி இடித்தால் மலை உச்சியிலோ தனி மரத்தடியிலோ நிற்காமல் கீழே இறங்குங்கள்.

சட்டம் சொல்வது

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். பெயர் கிறுக்குவது, கல்லைப் பெயர்ப்பது, சிதைப்பது எல்லாம் குற்றம். 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநிலப் பாதுகாப்பில் உள்ளவற்றுக்குத் தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மண்ணில் பழைய காசோ பொருளோ கண்ணில் பட்டால் பாக்கெட்டில் போடாதீர்கள். இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். எடுத்த இடம் தெரியாமல் போனால் அந்தக் காசு சொல்லக்கூடிய செய்தியில் பெரும்பகுதி தொலைந்துவிடும். டிரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும்.

வீடு திரும்பியதும்

1. அன்றிரவே நோட்டை எடுத்து, கோட்டையின் வெளிக்கோட்டை நினைவிலிருந்து வரையுங்கள். வாசல், கொத்தளம், தண்ணீர் மூன்றையும் குறியுங்கள். மறந்துபோன இடம்தான் அடுத்த முறை முதலில் பார்க்க வேண்டிய இடம்.
2. படங்களைத் தேதி, திசை, இடம் எழுதிச் சேமியுங்கள். "மேற்கு மதில், வாசலிலிருந்து இரண்டாவது கொத்தளம்" என்பதுபோல் இருக்க வேண்டும். அடுத்த மழையில் அந்தக் கொத்தளம் சரிந்தால் அது எப்படி நின்றது என்பதற்கு உங்கள் படம் மட்டுமே மிஞ்சக்கூடும்.
3. புதிதாகச் சரிந்த மதில், யாரோ தோண்டிய குழி, பெயர்த்த கல் எதையாவது கண்டிருந்தால் படத்தோடு தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.
4. இராயக்கோட்டையைப் பார்த்து முடித்த அடுத்த மாதம் தென்கரைக்கோட்டைக்கு மறுபடியும் போங்கள், இந்த முறை மாலை 4 மணிக்கு. முதல் தடவை வெறும் கல்லாகத் தெரிந்த குடுமிக் குழியில் இப்போது மேற்கு வெயில் சாய்ந்து விழுந்திருக்கும். கூட வந்த பிள்ளையின் விரலை அதில் மெதுவாக வைத்து, கதவு எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்று கேளுங்கள்.